ஆங்கிலேயன் ஓடுவான், நாம் நடப்போம்

மும்பை மாட்டுங்காவில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் கூடுவது வழக்கம். முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தவன் என்பதால் ஐயம் தீர்க்கும் வேலை என் தலையில் விழும். இந்த வாரம் எல்லோரும் பிடித்துக்கொண்டது 'ரன்' என்ற ஒரே சொல்லை.

செம்பூரிலிருந்து வரும் அம்மா: குழாய், மூக்கு, சேலைச் சாயம் எல்லாவற்றுக்கும் 'ரன்' என்கிறாள் பேத்தி. இவற்றுக்குக் கால் உண்டா, சார்?

காலுக்கு மட்டுமில்லையம்மா, தண்ணீருக்கும் அந்தச் சொல்தான். இந்தச் சொல்லின் பழைய வடிவத்துக்கு ஓடுதலோடு ஒழுகுதல் என்ற பொருளும் இருந்தது. அதன் ஜெர்மன் உறவான 'ரின்னன்' இன்றும் ஒழுகுதலைத்தான் குறிக்கிறது. சுங்குடிச் சேலையை வாளியில் முக்கியதும் சிவப்பு கசிந்து வெள்ளைச் சட்டையில் ஏறுகிறதே, அதுவும் 'ரன்'தான். நமக்கு இது புதிதல்ல. ஆறும் ஓடுகிறது, ஆளும் ஓடுகிறான்.

கல்லூரி மாணவர்: மொத்தம் எத்தனை பொருள், ஐயா?

முன்பு 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. ஆக்ஸ்போர்டு பேரகராதியைத் திருத்தியபோது, 'ரன்' வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் தேறியது. அந்த ஒரு சொல்லோடு தொகுப்பாசிரியர் ஒருவர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். நீங்கள் மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

தாராவி இட்லிக் கடைக்காரர்: கடன் விண்ணப்பத்தில், நான் கடையை 'ரன்' செய்வதாக மகன் எழுதியிருக்கிறான். நான் அடுப்படியை விட்டு நகர்வதே இல்லையே?

மகன் எழுதியது சரி. தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தானே போனால் ஓடுகிறது, பிறர் செலுத்தினால் ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: ஆங்கிலேயன் ஓட்டுகிற கடையை நாம் நடத்துகிறோம். 'நட' என்பதிலிருந்து வந்ததுதான் 'நடத்து'. அமெரிக்கன் தேர்தலில் 'ரன்' செய்கிறான். பிரிட்டனில் பெரும்பாலும் 'ஸ்டாண்ட்' என்பார்கள். நம் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார், ஓடுவது ஜெயித்த பிறகு.

அவருடைய மகன்: 'ரன் அவுட்' என்றால் ஆட்டம் இழப்பதுதானே? மாவு தீர்ந்ததற்கும் அதையே சொல்கிறார்களே?

பின்னால் 'ஆஃப்' (of) ஒட்டிக்கொண்டால் தீர்ந்துபோனது. மட்டையோடு கோட்டை எட்டுவதற்குள் ஸ்டம்பு சாய்ந்தால் கிரிக்கெட். அங்கேயும் கூத்து உண்டு: பந்து எல்லைக் கோட்டைத் தொட்டால் ஓடாமலே நான்கு ரன்!

வங்கியில் வேலை பார்க்கும் பெண்: வங்கி மேல் 'ரன்' என்பது?

வங்கி மூழ்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது. அந்த முண்டியடிப்பே நல்ல வங்கியையும் கவிழ்த்துவிடும், ஏனென்றால் வைப்புப் பணத்தில் பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும்.

வாசலோரம் உட்கார்ந்திருந்தவர், மெதுவாக: பன்மையில் 'த ரன்ஸ்' என்று ஒன்று உண்டாமே?

வயிற்றுப்போக்கு. விடுப்புக் கடிதத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள், எத்தனை எடுத்தீர்கள் என்று மேலாளர் கேட்டுவைப்பார்.