இலங்கை கிளப் ரக்பி: தோற்ற அணிக்கு எப்படிப் புள்ளி?

கேள்வி: கடைசி நிமிடத்தில் 27-17 எனப் பின்தங்கிய அணி, வெல்ல வழியில்லாதபோதும் பெனால்டி உதை எடுத்தது ஏன்?

லீக் பட்டியலில் சேரும் ஒற்றைப் புள்ளிக்காகத்தான். போனஸ் முறையில் வெற்றிக்கு 4, சமநிலைக்கு 2. அதற்கு மேல், 4 ட்ரை (எதிரணியின் கோட்டைத் தொட்டோ தாண்டியோ பந்தைத் தரையில் வைப்பது; ஆட்டத்தில் தலா 5 புள்ளி) அல்லது அதற்கு அதிகமாக வைத்தால் 1. 7 அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் 1. உதை உள்ளே போனால் 3 சேர்ந்து 27-20. வித்தியாசம் சரியாக 7, புள்ளி கையில்.

இதைவிட விசித்திரமும் நடக்கும். 4 ட்ரை வைத்து, கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் 2 புள்ளிக்கான உதை) நான்கையும் கோட்டை விட்ட அணிக்கு 20. எதிரணி 3 ட்ரை, மூன்றுக்கும் கன்வர்ஷன், இரண்டு பெனால்டி: 15+6+6 = 27. வென்றவர்களுக்கு 4, தோற்றவர்களுக்கு 2. அதாவது தோற்றும் சமநிலையின் பலன்! நியாயமா என்றால், ட்ரைக்கு ஓடத் தூண்டுவதால் எனக்கு நியாயம்தான்.

கண்டி, சி.ஆர்., ஹவ்லொக், சி.எச்., பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை என எட்டு அணிகள் இரண்டு சுற்று ஆடினால் ஆளுக்கு 14 போட்டி. நாக்அவுட் இல்லாத லீக்கில் பட்டியல் முதலிடமே கிண்ணம். கண்டியின் சொந்த மைதானமான நித்தவலையில் கண்டியிடம் தோற்கும் அணிகூட அந்த 7-ஐத் தாண்டவிடாமல் கடைசிவரை மல்லுக்கட்டுவது அதனால்தான்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கே: 8 புள்ளி பின்தங்கியிருக்கும்போது பெனால்டி உதையைக் கோலுக்கு அடிக்காமல், லைன்அவுட்டுக்குப் (பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது) பந்தை வெளியே அடித்து, அதையும் இழப்பது.