போர் மோட்டார் எரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா?

கேள்வி: வீட்டு போர்ல சப்மெர்சிபிள் மோட்டார் ரெண்டு தடவ காயில் போயிடுச்சு. ரெண்டு தடவயும் முந்தின நாள் வரைக்கும் தண்ணி நல்லாத்தான் வந்துச்சு. போன்ல அலர்ட் வர்ற கருவி மாட்டச் சொல்றாங்க, மாட்டலாமா?

பதில்: முந்தின நாள் வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு எல்லாருமே சொல்றாங்க. தண்ணி வந்துச்சு, அவ்வளவுதான், மோட்டார் எத்தன ஆம்ப்ஸ், அதாவது எவ்வளவு கரண்ட், இழுத்துச்சுன்னு யாரும் பாக்கல. உங்க பேனல் போர்டுலயே அம்மீட்டர், வோல்ட்மீட்டர் இருக்கும், இல்லன்னா எலக்ட்ரீஷியன வச்சு மாட்டிடுங்க, நீங்களா பெட்டிய தொறக்காதீங்க. வாரம் ஒரு தடவ, மோட்டார் போட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு வோல்ட், ஆம்ப்ஸ் ரெண்டையும் காலண்டர்ல எழுதுங்க, காலி டேங்க் நிரம்ப எத்தன நிமிஷம் ஆச்சுன்னும் எழுதுங்க.

வோல்ட் அதே இருக்க ஆம்ப்ஸ் மட்டும் வாரா வாரம் ஏறுதுன்னா பேரிங் தேயுது, இல்ல மணல் போய் இறுகுது, இல்ல கெப்பாசிட்டர் வீக். ஆம்ப்ஸ் திடீர்னு நல்லா இறங்கி குழாயில காத்தும் தண்ணியுமா துப்புனா உள்ள தண்ணி இல்ல, உடனே ஆஃப் பண்ணுங்க, இந்த மோட்டாருக்கு குளிர்ச்சியே சுத்தி இருக்கற தண்ணிதான்.

ஒரு விஷயத்துல மட்டும் அவசரப்படாதீங்க. டேங்க் நிரம்ப நேரம் கூடிடுச்சு, ஆம்ப்ஸும் லேசா குறைஞ்சிருக்குன்னா மோட்டார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, போர்ல தண்ணி மட்டம் கீழ போயிருக்கலாம், ஆழத்துல இருந்து தூக்கும்போது கம்மியாத்தான் வரும். ராத்திரி முழுக்க விட்டுட்டு காலையில போடுங்க, முதல்ல வேகமா வந்து அப்புறம் குறைஞ்சா ஊத்து பத்தல. முதல் நிமிஷத்துல இருந்தே சுணக்கமா வந்தா, மோட்டார் ஓடாதப்போ கயித்துல கனம் கட்டி இறக்கி மட்டத்த அளக்கச் சொல்லுங்க, மட்டம் பழையபடியே இருந்தாத்தான் பம்ப் மேல சந்தேகப்படணும். ஆம்ப்ஸ் குறையாம தண்ணி மட்டும் குறைஞ்சு, போர் வாய்ல காது வச்சா உள்ள தண்ணி கொட்டற சத்தம் கேட்டா பைப்ல ஓட்டை.

இதெல்லாம் அளக்காமலே "மோட்டார தூக்கணும் சார்"னு வர்றவங்கள நம்பாதீங்க, தூக்க ஒரு கூலி, இறக்க ஒரு கூலி, தூக்குனதுக்கப்புறம் ரீவைண்டிங், அதாவது காயில் புதுசா சுத்தணும்னு சொன்னா உங்களால மறுக்கவும் முடியாது. அதவிட மோசம், அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு கூப்பிட்டா ஓவர்லோட் ரிலே (கரண்ட் அளவு மீறுனா மோட்டார நிறுத்துற சாமான்) திருகை ஏத்தி வச்சுட்டு "சரி பண்ணிட்டேன்"னு போறவங்க. டிரிப் ஆகுறது மோட்டார காப்பாத்தத்தான்யா! அந்த திருகை ஏத்துனா டிரிப் நிக்கும், அடுத்து காயில் எரியும். உங்களோட ரெண்டு தடவயும் இப்படித்தானான்னு எனக்கு சந்தேகமா இருக்கு, ரிலே இப்ப எதுல நிக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க.

சரி, எந்த ஆம்ப்ஸுக்கு வைக்கணும்? அது நேம் பிளேட்ல இருக்கும், அந்த பிளேட் மோட்டாரோடயே குழிக்குள்ள போயிடுது! விக்கிறவங்களும் எழுதித் தர்றதில்ல, இறக்குறவங்களும் எழுதி வைக்கிறதில்ல, எத்தன வருஷமா சொல்லியும் யாரும் கேக்கல. பில், வாரன்டி கார்டுல மாடல் இருக்கான்னு தேடுங்க, அடுத்த தடவ இறக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க.

நீங்க கேட்ட போன் அலர்ட் கருவி ஆம்ப்ஸ அளந்து, கூடினாலும் குறைஞ்சாலும் தானா நிறுத்துற மாதிரின்னா வாங்குங்க. போன்ல ஆன் ஆஃப் மட்டும் பண்றதுன்னா வேண்டாம்.