வாசகர் கேள்வி – பதில்: விலை ஏறினால் அரசாங்கத்துக்கு இலாபமா?

கேள்வி: ஐயா, ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தில் 10 இலட்சத்தை 2021 செப்டெம்பரில் ஒரு வருட நிலையான வைப்பில் போட்டேன். 5 வீத வட்டியோடு திரும்பி வந்தது. ஆனால் நான் நினைத்திருந்த கூரை வேலையைப் பாதிகூட முடிக்க முடியவில்லை. விலை ஏறினால் அரசாங்கத்துக்குத்தான் இலாபம் என்று மருமகன் சொல்கிறார். உண்மையா? என் பணம் எங்கே போனது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. முதலில் உங்கள் பணத்தை எண்ணிப் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி ஒரு வருட விலையேற்றம் 69.8 வீதம். முதல் வருடம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான்களுக்கு மறு வருடம் 1,698 ரூபாய். வட்டியோடு உங்கள் கையில் வந்த 10 இலட்சத்து 50 ஆயிரம், பழைய விலையில் சுமார் 6 இலட்சத்து 18 ஆயிரத்துக்குத்தான் சமம். ஒரு தாளும் களவு போகவில்லை. ஆனால் 3 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் பெறுமதி போய்விட்டது.

அந்த வருடம் நான் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். விலைப்பலகையில் வெண்கட்டியால் எழுதுவதும் என் வேலைதான். பருப்புக்கும் சீனிக்கும் உரிய இரண்டு வரிகளை மட்டும் எத்தனை முறை அழித்து எழுதினேனோ, அந்த இடத்தில் கறுப்பு மை தேய்ந்து மரம் தெரிந்தது. படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்த ஒரு தாய் பலகையைப் பார்த்தார், கையிலிருந்த காசை எண்ணினார், ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனார். அவருக்குப் பின்னால் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இனி இலாபம் யாருக்கு என்ற கேள்வி. வங்கியில் நாம் போடும் பணத்தில் ஒரு பங்கு திறைசேரி உண்டியலாகவும் (குறுகிய காலக் கடன் பத்திரம்) முறியாகவும் (நீண்ட காலக் கடன் பத்திரம்) அரசாங்கத்துக்குக் கடனாகப் போகிறது. அரசாங்கம் 100 ரூபாய் கடன் வாங்கினால் வட்டியோடு அந்த 100 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 100 ரூபாய்க்கு முன்பு வாங்கியதை வாங்க முடிகிறதா என்பது அவர்கள் பொறுப்பில்லை. விலை ஏறினால் பழைய ரூபாய்க் கடன் தானாக மெலிகிறது. வரியோ தானாகக் கொழுக்கிறது. வற் வரி (பெறுமதி சேர் வரி) விலையின் மேல் வீதக் கணக்கில் விழுவது. 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 8 வீதம் என்றால் 80 ரூபாய். அதே பொருள் 1,700 ஆனால், வீதத்தைத் தொடாமலே 136 ரூபாய். இங்கே வீதத்தையும் தொட்டார்கள். 2022 ஜூனில் 8இலிருந்து 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அந்த 1,700 ரூபாய்ப் பொருளுக்கு இப்போது 306 ரூபாய் வரி.

இதற்கு வித்து 2019 டிசம்பரில் போடப்பட்டது. அப்போது வற் வரியை 15இலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள். கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப, அரசாங்கத்தின் உண்டியல்களை மத்திய வங்கியே புதுப்பணம் உண்டாக்கி வாங்கியது. விலை ஏற அதுவும் ஒரு காரணம். வேண்டாம் என்று விட்ட வரியை, யாரும் வாக்களிக்காத வழியில், உங்களைப் போன்றவர்களின் வைப்பிலிருந்து எடுத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். 2023இல் வந்த மத்திய வங்கிச் சட்டம் அப்படி நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுத்திருக்கிறது. அந்தத் தடையைத் தளர்த்த எந்தக் கட்சி வந்தாலும் நாம் எதிர்க்க வேண்டும்.

மருமகன் சொல்லாமல் விட்ட பகுதியும் உண்டு. டொலர்க் கடன் மெலியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று ஏப்ரல் 12ஆம் திகதியே அறிவித்தாயிற்று. ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டுப் போனார். ஆகவே ரூபாய்க் கடனில் கிடைத்த ஆதாயம் அந்த ஆட்சியைக் காப்பாற்றவில்லை. ஆனால் நட்டம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகள் வைத்திருந்த ரூபாய் முறிகளில் கை வைக்கவில்லை. தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்தில் கை வைத்தார்கள். பழைய முறிகளை மாற்றிக்கொள்ளாவிட்டால் நிதியத்தின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 வீதமாகும் என்ற நிபந்தனையோடு, 2025 வரை 12 வீதமும் அதன் பிறகு 9 வீதமும் வட்டி தரும் முறிகளைக் கொடுத்தார்கள். பணவீக்கம் தின்ற சேமிப்பை இரண்டாவது முறையும் அரிந்தார்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் விலையை ஒரே இரவில் ஏற்றியதும் அரசாங்கம் இலாபம் பார்க்கத்தானே?
– கடற்றொழிலாளி, பெரியகல்லாறு

பதில்: தம்பி, உங்கள் வலி எனக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. ஒரு நாளைக்கு 20 லிட்டர் எரிக்கும் படகுக்கு 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ஆனது. வலையை இறக்கும் முன்பே 5,060 ரூபாய் கூடுதல். ஆனால் இதை முதல் கேள்வியோடு சேர்க்க முடியாது. 87 ரூபாய் என்பது கொள்விலைக்கு மிகக் கீழே. அந்த நட்டத்தை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சுமந்தது. ஏற்றியது நட்டத்தை அடைக்க. என் கோபம் ஏற்றிய விதத்தின் மேல். கொள்விலைக்குக் கீழே வைத்திருந்து, கடலை நம்பிய குடும்பங்களுக்கு மாற்று வழி எதுவும் ஆயத்தமாகாத நிலையில், முழுச் சுமையையும் ஒரே நாளில் இறக்கியது பெரும் அநியாயம்.

கேள்வி: 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது என்றார்கள். எங்கள் கடையில் ஏன் பழைய விலை வரவில்லை?
– பல்கலைக்கழக மாணவி, கொக்கட்டிச்சோலை

பதில்: மகள், பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் ஏற்றம் மெதுவாகும், ஏறிய உயரம் அப்படியே இருக்கும். வேகம் பூச்சியத்துக்குக் கீழே போனால்தான் விலை சற்று இறங்கும். 2024 செப்டெம்பரில் -0.5 வீதம் என்றால், முந்திய வருடம் 1,000 ரூபாயாக இருந்த செலவு 995 ஆனது. 2021இன் விலைக்கு அது எங்கே எட்டும்? மத்திய வங்கியின் இலக்கும் வருடம் 5 வீத ஏற்றம்தான், இறக்கம் அல்ல. ஆகவே பழைய விலைக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் அப்பாவின் நாட்கூலி 2021இல் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று கேட்டு, வீட்டில் சாமான் வாங்கிய பழைய பற்றுச்சீட்டு ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் கூலியையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கிறேன்.