மகள் சொல்வதே சரி: ஆங்கிலக் கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இம்முறை இடம் கொடுத்திருக்கிறோம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டுள்ளோம். வாய்விட்டுப் படியுங்கள்.

கேள்வி: செம்பனை ஆலையில் 2015 முதல் வேலை பார்க்கிறேன். வேறு இடத்துக்கு விண்ணப்பம் எழுதியபோது ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று போட்டேன். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் மகள் அது தவறு என்கிறாள். என்ன தவறு?
(ஆலைத் தொழிலாளி)

பதில்: மகள் சொல்வதே சரி. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று எழுதுங்கள். தமிழில் ‘2015 முதல் வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடலாம். மலாயிலோ வேலை செய்வதைச் சொல்லும் ‘கெர்ஜா’ எந்தக் காலத்துக்கும் உருமாறாது. இரண்டிலும் பழகிய வாய் ஆங்கிலத்திலும் நிகழ்காலத்தைத்தான் எடுக்கும். ஆனால் முன்பு தொடங்கி இன்றும் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் தனி உரு உண்டு: ‘ஹேவ் பீன்’, அதன் பின்னால் ‘இங்’ சேர்ந்த வினை. ஹீ, ஷீ, இட் வந்தால் ‘ஹேஸ் பீன்’.

அடுத்தது சின்ஸ், ஃபார் குழப்பம். தொடங்கிய புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’: சின்ஸ் 2015, சின்ஸ் மண்டே, சின்ஸ் தீபாவளி, சின்ஸ் ஐ காட் மேரிட். எவ்வளவு காலம் என்று நீளத்தைச் சொன்னால் ‘ஃபார்’: ஃபார் 10 இயர்ஸ், ஃபார் 3 டேஸ், ஃபார் எ லாங் டைம். ‘சின்ஸ் 10 இயர்ஸ்’ எங்கும் காதில் விழுகிறது, ஆனால் எங்குமே சரியில்லை.

நேர்முகத் தேர்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் 10 இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் 10 இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். ஒரு ‘ஹேவ்’ விட்டுப்போனால், எதிரே இருப்பவர் ‘இப்போது எங்கே வேலை?’ என்று கேட்பார்.

ஒருவரைத் தெரியும், ஒன்று பிடிக்கும் என்பது போன்ற வினைகளுக்கு இந்த ‘இங்’ ஒட்டாது. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் ஃபார்ம் ஒன்’ சரி. ‘பீன் நோயிங்’ கிடையாது.

கேள்வி: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று கட்டுரையில் எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிட்டுவிட்டார். ‘ஹேவ்’ போடச் சொல்வதும் அவர்தான், போட்டால் அடிப்பதும் அவர்தான்!
(படிவம் ஐந்து மாணவி)

பதில்: வட்டம் நியாயமானது. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019 என்று எது வந்தாலும் வெறும் இறந்தகாலம்தான்: ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே.’ நேரத்தைச் சொல்லாவிட்டாலோ, ஆல்ரெடி, யெட், எவர், நெவர் போன்ற சொல் வந்தாலோ ‘ஐ ஹேவ் சீன் ஹிம்.’ ‘திஸ் மார்னிங்’ மட்டும் ஏமாற்றும். காலை இன்னும் முடியவில்லை என்றால் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’. மத்தியானம் ஆகிவிட்டால் ‘ஐ சா ஹிம் திஸ் மார்னிங்.’

‘சாப்பிட்டாயிற்றா?’ என்று மலாயில் கேட்கும் ‘சூடா மாக்கான்?’ என்பதிலிருந்து வந்த ‘ஈட் ஆல்ரெடி?’யைக் கடைத்தெருவில் பேசுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். விடைத்தாளில் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்றே எழுதுங்கள். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், 2021 முதல் நடப்பிலுள்ள ஆங்கில எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல். நண்பருக்கு எழுதுவதுதானே என்று இந்தப் பேச்சுநடை உள்ளே நுழைவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: ‘டிட் யூ வெண்ட்?’ ஏன் தவறு? போனது நேற்றுதானே?
(படிவம் இரண்டு மாணவர்)

பதில்: இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது. வினை அடிச்சொல்லாக நின்றால் போதும்: ‘டிட் யூ கோ?’, ‘ஐ டிட்ன்ட் கோ.’ ‘டஸ்’ஸுக்கும் இதே கதை: ‘டஸ் ஷீ ஒர்க்?’ சரி, ‘டஸ் ஷீ ஒர்க்ஸ்?’ தவறு.

கேள்வி: மகனுக்குக் காய்ச்சல். வகுப்பாசிரியருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?
(ஒரு தாயார்)

பதில்: நீட்டவேண்டாம், நான்கு வரி போதும்: ‘குட் மார்னிங், டீச்சர். மை சன் ஹேஸ் எ ஃபீவர். ஹீ வில் நாட் பி கமிங் டு ஸ்கூல் டுடே. ஹீ வில் பிரிங் அன் எம்.சி. டுமாரோ.’ மகனின் பெயரையும் வகுப்பையும் மறக்காமல் சேருங்கள். எம்.சி. என்பது மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ்.

‘ஹீ இஸ் ஹேவிங் ஃபீவர்’ வேண்டாம். சாப்பாடு, குளியல், கூட்டம் போல நடக்கும் செயலுக்குத்தான் ‘ஹேவிங்’ வரும். நோய், உறவு, உடைமை எல்லாவற்றுக்கும் ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்.’

‘எ’யா ‘அன்’னா என்பதை எழுத்து முடிவு செய்வதில்லை, ஒலிதான் முடிவு செய்கிறது. எம்.சி. என்பது ‘எ’ என்ற உயிரொலியில் தொடங்குவதால் ‘அன்.’ யூனிவர்சிட்டி ‘யூ’வில் தொடங்குவதால் ‘எ.’ தமிழில் எழுதிப் பார்த்து முதலெழுத்து உயிரா என்று கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் சில சொற்கள் காலை வாரும். ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ உண்மையில் ‘யி’ ஒலியில் தொடங்குகிறது, எனவே ‘எ.’ காதைக் குறிக்கும் ‘இயர்’ இகரத்தில் தொடங்குகிறது, எனவே ‘அன்.’ ஒரு வெள்ளி நோட்டைச் சொல்லும்போது ‘எ ஒன் ரிங்கிட் நோட்’. வாய் சொல்வது ‘வன்’.

கேள்வி: கிளினிக்கில் நர்ஸ் ‘யூ டிட்ன்ட் டேக் த மெடிசின்?’ என்றார். சாப்பிடவில்லை என்பதற்காக ‘யெஸ்’ என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்.
(ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி)

பதில்: எல்லாக் கேள்விகளிலும் இதுதான் ஆபத்தானது, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம். ‘மருந்து சாப்பிடவில்லையா?’ என்று தமிழில் கேட்டால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்கிறோம். கேட்டவர் சொன்னதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலம் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கிறது. மருந்து உள்ளே போயிருந்தால் ‘யெஸ், ஐ டிட்.’ போகவில்லை என்றால் ‘நோ, ஐ டிட்ன்ட்.’ கேள்வி எப்படி வந்தாலும் இதுவே பதில். வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல் பின்பாதியையும் சொல்லுங்கள். முன்பாதி தவறினாலும் பின்பாதி காப்பாற்றும்.

பேருந்தில் ஒருவர் ‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்றால் ‘உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?’ என்று கேட்கிறார். உட்காரட்டும் என்றால் ‘நோ, கோ அஹெட்.’ சிரித்துக்கொண்டே ‘யெஸ்’ என்றால் அவர் நின்றுகொண்டே ஈப்போ போகவேண்டியதுதான்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்?’ போடுகிறோம். கூடாதா?
(மளிகைக்கடைப் பணியாளர்)

பதில்: தமிழ் ‘இல்லையா’வும் மலாய் ‘கான்’னும் எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தும். ஆங்கில வால் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். முதலில் துணைவினையை (ஆர், டிட் போன்றவை) பிடியுங்கள், அதை உடன்பாடு என்றால் எதிர்மறையாக, எதிர்மறை என்றால் உடன்பாடாகத் திருப்புங்கள், பிறகு ஆளைச் சேருங்கள். ‘யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ?’ ‘ஷீ டிட்ன்ட் கம், டிட் ஷீ?’ துணைவினை கண்ணில் படாவிட்டால் ‘டூ’ குடும்பம் வரும்: ‘யுவர் பிரதர் லிவ்ஸ் இன் தைப்பிங், டஸன்ட் ஹீ?’ ‘நெவர்’ வந்தால் வாக்கியம் எதிர்மறை, வால் உடன்பாடு: ‘ஹீ நெவர் கம்ஸ், டஸ் ஹீ?’

கேள்வி: ‘போரோ மீ 10 ரிங்கிட்’ என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
(தொழிற்கல்லூரி மாணவர்)

பதில்: ‘லெண்ட் மீ.’ கொடுப்பவர் செய்வது ‘லெண்ட்’, வாங்குபவர் செய்வது ‘போரோ.’ மலாய் ‘பிஞ்சாம்’ பேச்சில் இரண்டுக்கும் ஓடுவதால் வந்த வினை இது. அதே வழியில் வந்தவை இன்னும் சில. ‘ஓப்பன் த லைட்’ வேண்டாம், ‘ஸ்விட்ச் ஆன்.’ ‘கேன் ஐ ஃபாலோ யூ?’ என்றால் நீங்கள் உங்கள் வண்டியில் அவருக்குப் பின்னால் வருவதாகப் பொருள். அவர் காரிலேயே ஏறிக்கொள்ள ‘கேன் ஐ கோ வித் யூ?’ அம்மாவை ‘செண்ட்’ செய்தால் அவர் தனியே போகிறார், கூட நீங்களும் போனால் ‘டேக்.’

கேள்வி: நாளை என்பது எதிர்காலம். பிறகு ஏன் ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ’? ‘வில்’ எங்கே?
(படிவம் நான்கு மாணவி)

பதில்: ‘வில்’ அடுத்த பாதியில் இருக்கிறது: ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, த டேப்பர்ஸ் வில் நாட் கோ அவுட்.’ நிபந்தனைப் பாதியில் நிகழ்காலம், விளைவுப் பாதியில் ‘வில்.’ தமிழிலும் ‘மழை பெய்தால் பால்மரம் வெட்டப் போகமாட்டார்கள்’ என்கிறோம். ‘பெய்தால்’ என்பதில் எதிர்காலம் இல்லை. நடக்காமல் போனதைச் சொல்ல உரு வேறு: ‘இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்.’ முதல் பாதியில் ‘வுட்’ நுழைப்பதுதான் வழக்கமான பிழை.

கேள்வி: ‘ஆல்தோ’வுக்குப் பிறகு ‘பட்’ வருமா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: வராது. ‘ஆல்தோ ஹீ வாஸ் சிக், ஹீ கேம்’ அல்லது ‘ஹீ வாஸ் சிக், பட் ஹீ கேம்.’ இரண்டில் ஒன்று.