கடவுளுக்கு நாம் தத்துப்பிள்ளைகள்தான் என்றால், பெற்ற பிள்ளைக்கு ஒரு படி கீழேதானே? இதில் விடுதலை எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்டவர் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். வளர்ந்திருந்தால் 'தத்துப்பிள்ளைகள்தான்' என்று அந்தத் 'தான்' போட்டிருக்க மாட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏழு வயதிலிருந்து அந்தத் 'தான்' என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. பாம்பனில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறவன். கத்தோலிக்கன். பழைய மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுக்கிறானே என்று எங்கள் ஆட்களே குறை சொல்லலாம். என்னை வளர்த்த அம்மா பிறந்த வீடு சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்டு சபை. அவர் கொண்டுவந்த பழைய பைபிளில்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன்.

என்னைப் பெற்றவர் ஒரு சம்மாட்டியின், அதாவது படகுச் சொந்தக்காரரின், வள்ளத்தில் பங்குக்குப் போனவர். 1984-ல் வாடைக்காலத்தில் வடகடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பெற்ற தாய் அதற்கு முன்பே போய்விட்டார். அந்தச் சம்மாட்டிதான் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவரே 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் பாம்பனுக்கு வந்து சேர்ந்தவர். அவருக்கு ஒரு மகன், என்னைவிட இரண்டு வயது இளையவன்.

பெற்றவர் விட்டுப்போனது ஒரு கடன். நண்டு வலைக்காக மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், 3,400 ரூபாய். முன்பணம் வாங்கியவன் மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டும். கடன் தீரும்வரை வேறு ஆளிடம் போக முடியாது. முதல் வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனதால் வந்த கடன் அது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் ராத்திரியில் வருகிறார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் மிதவை ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம் கிடக்கும். விசைப்படகில் போகிறவர்களும் நம் பிள்ளைகள்தான், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுந்த வலைக்குப் பணம் தருவது யார்? நாற்பது வருஷமாக இதற்குப் பதில் இல்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

அந்த 3,400 ரூபாயைச் சம்மாட்டி கட்டினார். அது எனக்குத் தெரியவந்தபோது பத்து வயது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் முதல் வரியாக அதை எழுதினேன். அதன்பின் எனக்காக அந்த வீட்டில் செலவான ஒவ்வொன்றையும் எழுதினேன். செருப்பு 12 ரூபாய். சட்டைத்துணி. ஓரியூர் போய்வந்த பஸ் காசு. காய்ச்சலுக்கு ஊசி 5 ரூபாய். பெரியவனானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. இருந்தும் நான் பயந்துகொண்டே இருந்தேன். முள் நிறைந்த பொடி மீனான காரலில் குழம்பு வைத்தால் தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். நான் முள்ளைக்கூட மிச்சம் வைக்க மாட்டேன். மறுசோறு கேட்க மாட்டேன். விடியற்காலையில் யாரும் எழுப்புமுன் எழுந்து வள்ளத்தில் தண்ணீர் இறைப்பேன். கரையில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே அவரைச் 'சம்மாட்டி' என்றுதான் கூப்பிட்டேன்.

பதினெட்டு வயதில் தென்கடலில் நல்ல பாறை மீன் பட்டது. முதல் முழுப் பங்கு என் கைக்கு வந்தது. பணத்தையும் நோட்டையும் அவர் முன்னால் வைத்தேன். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஊசி 5 ரூபாய் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"அன்னைக்கு ராத்திரி பூராவும் உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னேனே, அதுக்கு எவ்வளவு எழுதியிருக்க?"

எனக்கு வாய் வரவில்லை.

"கூலியாளுக்குக் கணக்குப் பார்ப்பேன். தம்பிக்கு என்னைக்காவது பார்த்தேனா?" என்று நோட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை அடுப்பில் வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, "இன்னைக்கும் காரலா?" என்று நான் கேட்டேன். அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்பா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

ரோமர் 8:15 பழைய பைபிளில் இப்படி இருக்கிறது: 'திரும்பவும் பயப்படுகிறதற்கு நீங்கள் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறாமல், அப்பா பிதாவே, என்று கூப்பிடப்பண்ணுகிற புத்திர சுவிகாரத்தின் ஆவியைப் பெற்றீர்கள்.' புத்திர சுவிகாரம் என்றால் பிள்ளையாகத் தத்தெடுப்பது. அந்த 'அப்பா' இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். நம் காதுக்கு அது நம் வீட்டுச் சொல்லாகவே விழுகிறது.

ரோமருக்கு இந்தக் கடிதத்தைப் பவுல் எழுதிய காலத்து ரோமையில் தத்துப்பிள்ளை என்றால் இளக்காரம் கிடையாது. பழைய குடும்பத்தின் அதிகாரத்திலிருந்து வெளியே வந்து, புதுத் தகப்பனின் சொத்தில் பெற்ற பிள்ளைபோலவே பங்கு பெறுவான். அகஸ்துவைச் சீசர் தத்தெடுத்தார், திபேரியுவை அகஸ்து தத்தெடுத்தார். இந்த நிருபம் எழுதப்பட்டபோது அரியணையில் இருந்த நீரோவும் தத்துப்பிள்ளை. அவனைத் தத்தெடுத்த பேரரசர் கிலவுதியு பெற்ற மகன் ஒருவன் இருக்கும்போதே நீரோ பட்டத்துக்கு வந்தான். அவன் நல்லவன் இல்லை, நான் சொல்ல வருவது உரிமையைப் பற்றி மட்டும்.

இன்னொன்று. பழைய பைபிளில் 'சுதந்தரம்' என்றால் வாரிசாகக் கிடைக்கிற பங்கு. நாம் இன்று சுதந்திரம் என்பதை அதில் 'சுயாதீனம்' என்று போட்டிருப்பார்கள். சின்ன வயதில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இப்போதும் அதைத் தப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

கணக்கே இல்லை என்றால் இஷ்டத்துக்கு வாழலாமா என்று யாராவது வருவார்கள். நோட்டு எரிந்த பிறகும் நான் விடியுமுன் எழுந்து தண்ணீர் இறைத்தேன். ஆனால் கை நடுங்கவில்லை. சுயாதீனம் இஷ்டத்துக்கு வாழ அல்ல, அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யத்தான் என்கிற கலாத்தியர் 5:13 படித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சட்டம் அன்று பவுல் அளவுக்கு வரவில்லை. 1956-ம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. கிறிஸ்தவர்கள் அன்று 1890-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலர் ஆக மட்டுமே முடிந்தது, அதுவும் பிள்ளைக்குப் பதினெட்டு ஆனால் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தத் தாளும் எழுதவில்லை. அப்பா இறந்த பிறகு ஓர் அலுவலகத்தில், "தத்துப் பத்திரம் எங்கே? இல்லையென்றால் வாரிசு ஒரே மகன்தான்" என்றார்கள். அங்கும் அந்தத் 'தான்'. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தம்பி உள்ளேயே இருந்தான். வள்ளத்தில் பாதியை எனக்கு எழுதிக் கொடுக்க என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தான். 'கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர்' என்று ரோமர் 8:17-ல் வருகிறதே, அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வருகிறது. மூன்று மாதம் அலைந்தான். வள்ளத்தின் பதிவில் இப்போது இரண்டு பெயரும் இருக்கின்றன, மூத்தவன் என்பதால் என் பெயர் மேலே.