மேயரும் செனட்டரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனைப் பற்றி மரியாதையோடு எழுதியிருந்தீர்கள். கவுன்சிலர், மேயர் என்று மேலே போகிறவர்களுக்கு ஊர் வெறும் படிக்கட்டுதானே? சாக்கடையும் தெருவிளக்கும் பார்த்த அனுபவம் செனட்டில் எதற்கு உதவும்?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பலருக்கு அப்படித்தான். ஃபைன்ஸ்டைனுக்கு அப்படி இல்லை என்பது என் எண்ணம்.

சான் பிரான்சிஸ்கோ மேயர் பதவிக்கு 1971, 1975 இரண்டு முறையும் நின்று தோற்றவர் அவர். 1978 நவம்பர் 27 அன்று, ராஜினாமா செய்திருந்த கவுன்சிலர் டான் வைட் நகர மண்டபத்துக்குள் புகுந்து மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் கவுன்சிலர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொன்றார். விழுந்துகிடந்த மில்க்குக்கு நாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார் ஃபைன்ஸ்டைன். விரல் குண்டு துளைத்த ஓட்டைக்குள் போனது. வெளியே வந்து பத்திரிகையாளர்களிடம் இரண்டு கொலைகளையும் அறிவித்தவரும் அவரே. அப்போது நகர மன்றத் தலைவராக இருந்ததால் மேயர் பொறுப்பு அவரிடம் வந்தது.

1982இல் நகரத்தில் கைத்துப்பாக்கிக்குத் தடை கொண்டுவந்தார். அதற்காகவே அவரைப் பதவியிறக்க ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

1992இல் செனட்டுக்குப் போனார். மறு ஆண்டே அரைத் தானியங்கி ரகத் தாக்குதல் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் திருத்தத்தோடு எழுந்தார். இடாஹோ செனட்டர் லாரி கிரெய்க், இந்த அம்மையார் துப்பாக்கிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். மில்க்கின் உடலையும் தன் விரலையும் பற்றி ஃபைன்ஸ்டைன் அங்கேயே சொன்னார். கட்சி எழுதிக்கொடுத்து வரும் பேச்சா அது? 1994இல் தடை சட்டமானது. ஆனால் பத்தே ஆண்டு ஆயுள் என்ற நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டுதான் அதை நிறைவேற்ற முடிந்தது. 2004இல் காலாவதியாகிவிட்டது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்டபின் 2013இல் மறுபடி கொண்டுவந்தார். 40க்கு 60 என்று தோற்றது.

அவர் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஈராக் போருக்கு வாக்களித்தது பெரிய தவறு. 85 வயதில், 2018இல், மறுபடி நின்றிருக்கவும் கூடாது. 2023இல் உடல்நலமில்லாமல் மாதக்கணக்கில் அவைக்கு வராததால் நீதிபதி நியமனங்கள் தேங்கின. அந்த செப்டம்பரில் பதவியில் இருந்தபடியே இறந்தார். அந்த இடத்தை இளையவர் ஒருவருக்கு அவரே கையோடு விட்டுக்கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.