கேமராவிலிருந்து கணினிக்கு: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

திருமங்கலம்: அண்ணே, பழைய கேனான் கேமரா. கேபிளை மாட்டினா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரல. கேபிள் செல்போன் கடையில வாங்குனது.

முதல்ல கேபிளைத்தான் சந்தேகப்படணும். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள்ள நாலு கம்பி: ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு டேட்டாவுக்கு. சார்ஜ் போட மட்டும் செய்யுற மலிவான கேபிள்ல டேட்டா கம்பி இருக்காது. பழைய கேமரா யூஎஸ்பி வழியா சார்ஜும் ஏறாது, அதனால கேபிள் கோளாறுன்னு காட்ட ஓர் அறிகுறிகூட இருக்காது. இன்னொண்ணு, பழைய கேமராக்கள்ல இருப்பது மினி யூஎஸ்பி. போன்ல வந்த மைக்ரோ அதுக்குள்ள போகாது, அமுக்கி நுழைச்சா கேமரா பக்கத்து முனைதான் உடையும்.

கேபிள் சரின்னா அடுத்து பார்க்க வேண்டியது வைஃபை. பல கேனான் மாடல்கள்ல மெனுவில் வைஃபை ஆன்ல இருந்தா யூஎஸ்பி இணைப்பு வேலை செய்யாது. அதை ஆஃப் பண்ணி, கேமராவை ஆன்ல வெச்சு, சிபியூவோட பின்பக்க போர்ட்ல மாட்டிப் பாருங்க.

மேலூர்: கேபிளா, கார்டு ரீடரா? எது நல்லதுங்க?

ரீடர். கேபிள்ல எடுக்குற நேரம் பூரா கேமரா ஆன்ல இருக்கணும், பேட்டரி பாதியில தீர்ந்தா காப்பி நின்னுடும். வேகத்துக்கும் கணக்கு இருக்கு. யூஎஸ்பி 2.0 ஏட்டளவில் நொடிக்கு 480 மெகாபிட், கைக்குக் கிடைப்பது 30, 35 மெகாபைட்தான். 32 ஜிபி கார்டு நிறைய இருந்தா கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். யூஎஸ்பி 3 ரீடரை யூஎஸ்பி 3 போர்ட்ல மாட்டி, நொடிக்கு 90 மெகாபைட் படிக்கிற கார்டா இருந்தா ஆறு நிமிஷம். யூஎச்எஸ்-1ங்கிற வேக வகைக் கார்டுக்குத் தர விதிப்படி மேல் வரம்பே 104 மெகாபைட். பின்பக்கம் ரெண்டு வரிசை பித்தளை நிறக் காலு இருக்கிற யூஎச்எஸ்-2 கார்டை ஒரு வரிசை ரீடர்ல போட்டாலும் படிக்கும், வேகம் மட்டும் ஏறாது.

பத்துப் பதினஞ்சு வருஷப் பழைய லேப்டாப்ல இருக்கிற ரீடர் விஷயத்துல கவனம். 32 ஜிபி வரைக்கும்தான் எஸ்டிஎச்சிங்கிற கார்டு வகை. 64 ஜிபியிலிருந்து எஸ்டிஎக்ஸ்சி, அதுல ஃபைலை அடுக்கி வைக்கிற முறை எக்ஸ்ஃபேட். பழைய ரீடருக்கோ பழைய விண்டோஸுக்கோ அது புரியாம, "ஃபார்மேட் செய்யணும்"னு கேட்கும். கார்டு கெட்டுப்போனதா நினைச்சு ஓகே கொடுத்துடாதீங்க. கார்டை எடுத்து வேற ரீடர்ல போட்டுப் பாருங்க.

உசிலம்பட்டி: கல்யாண வேலை. சோனி கேமரா. டிசிஐஎம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிட்டு கார்டை ஃபார்மேட் அடிச்சுட்டேன். போட்டோ எல்லாம் இருக்கு, முகூர்த்த வீடியோ ஒண்ணுகூட இல்ல. பொண்ணு வீட்டுல கேட்குறாங்க, என்னண்ணே செய்ய?

அந்தக் கார்டுல இனி ஒரு படம்கூட எடுக்காதீங்க. கேமராவிலிருந்து உருவி, ஓரத்துல இருக்கிற லாக்கைப் போட்டு வைங்க.

வீடியோ காணாமப் போனதுக்குக் காரணம் இது: சோனி கேமரா போட்டோவை மட்டும்தான் டிசிஐஎம்ல வைக்கும். எக்ஸ்ஏவிசிங்கிற வகையில பதிவான வீடியோ 'பிரைவேட்' ஃபோல்டருக்குள்ள 'எம்4ரூட்', அதுக்குள்ள 'கிளிப்'ல இருக்கும். ஏவிசிஎச்டிங்கிற இன்னொரு வகை வீடியோவும் 'பிரைவேட்'லதான், இன்னும் ஆழத்துல 'ஸ்ட்ரீம்'ங்கிற ஃபோல்டர்ல. அதனால எந்த கேமராவா இருந்தாலும் கார்டுல இருக்கிற எல்லாத்தையும் மொத்தமா காப்பி பண்ணணும். தேவையானதைப் பொறுக்கி எடுக்குறது வீட்டுக் கணினியில செய்ய வேண்டிய வேலை.

இப்போ மீட்பு. சாதாரண ஃபார்மேட், வீட்டை இடிக்காம கதவு எண்ணை மட்டும் அழிச்ச மாதிரி. மேல எதுவும் எழுதாத வரைக்கும் டேட்டா பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக்னு இலவச மென்பொருள் இருக்கு. கார்டை ரீடர்ல போட்டு ஓட்டுங்க. கேமராவைக் கேபிள்ல மாட்டினா வேலைக்கு ஆகாது: கேமரா தன்னை டிரைவா காட்டாம பிடிபி, எம்டிபிங்கிற ஃபைல் அனுப்புற முறையில பேசினா மீட்பு மென்பொருளால உள்ளே போக முடியாது. மீட்டதை அதே கார்டுல சேமிக்கவே கூடாது, கணினியோட ஹார்டு டிஸ்க்ல போடுங்க. ஃபைல் பெயரெல்லாம் மாறித்தான் வரும்.

போட்டோ நல்லா மீளும், வீடியோ அந்த அளவுக்கு வராது. நீள வீடியோ கார்டுல துண்டு துண்டா சிதறிக் கிடந்தா, எடுத்த ஃபைல் ஓடாது. அப்படியானா டேட்டா மீட்புக் கடைக்குப் போறதுதான் வழி. அதுவரைக்கும் நாலு மென்பொருளை மாத்தி மாத்தி இறக்கி "ரிப்பேர்" பட்டனைத் தட்ட வேண்டாம். கார்டுலயே எழுதுற ரகமும் அதுல உண்டு.

வாடிப்பட்டி: தம்பி, கார்டு லாக்னு வருது. பக்கத்துல இருந்த சின்னத் தள்ளு பட்டன் உடைஞ்சு போச்சு.

அந்த இடத்துப் பள்ளத்தை மூடுற மாதிரி ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினா ரீடர் ஏத்துக்கும்க்கா. கேமராவுக்குள்ள அதைப் போடாதீங்க, டேப் உள்ளே சிக்கிக்கும். படத்தை எடுத்துட்டு வேற கார்டு வாங்கிடுங்க.

அவனியாபுரம்: பொங்கலுக்கு மூணு நாள் ஜல்லிக்கட்டு. இங்கே, பாலமேடு, அலங்காநல்லூர்னு நிக்கான்ல பர்ஸ்ட் (தொடர்ந்து படபடன்னு எடுக்கிறது) வெச்சே எடுத்தது. காப்பி பண்ணும்போது "ரீப்ளேஸ் பண்ணவா"ன்னு கேட்குது. ஒரே பெயர்ல ரெண்டு படம் எப்படி வரும்?

கேமரா படத்துக்குப் போடுற எண் 9999 வரைக்கும்தான். அதுக்கு அடுத்த படம் 0001. கார்டுல கேமரா 101னு அடுத்த ஃபோல்டர் போட்டுக்கும், அதனால அங்கே மோதல் இல்ல. நீங்க எல்லாத்தையும் கணினியில ஒரே ஃபோல்டர்ல கொட்டும்போதுதான் மோதுது. ரீப்ளேஸ் கொடுத்தா பழைய படம் போயே போச்சு, ரீசைக்கிள் பின்லயும் இருக்காது. எண் வரிசை அமைப்பு ஆஃப்ல இருந்தா 9999 வரை போக வேண்டியதே இல்ல, கார்டை ஃபார்மேட் பண்றப்போ எல்லாம் 0001லிருந்து ஆரம்பிக்கும். அதை ஆன்ல வைங்க.

நாளுக்கு ஒண்ணு, கார்டுக்கு ஒண்ணுன்னு ஃபோல்டர் போடுங்க: 2025-01-14 அவனியாபுரம் கார்டு 1. வருஷம், மாசம், நாள் இந்த வரிசையில எழுதினாத்தான் கணினி தானா காலவரிசையில அடுக்கும்.

ரெண்டு கேமராவா இருந்தா வாடிவாசல் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கடிகாரத்தையும் ஒரே போனைப் பார்த்து சரி பண்ணுங்க. மாசக்கணக்கா பேட்டரி இல்லாம பீரோவுல கிடந்த கேமராவில தேதி அழிஞ்சிருக்கும். மாறி விழுந்த நேரத்தை எக்ஸிஃப்டூல்ங்கிற மென்பொருள்ல மொத்தமா தள்ளலாம், ஆனா எத்தனை நிமிஷ வித்தியாசம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

செல்லூர்: கட் பண்ணி பேஸ்ட் பண்ணலாமா? கார்டை எப்போ அழிக்கலாம்?

கட் வேண்டாம். நடுவுல கரண்டு போனா எது இங்கே, எது அங்கேன்னு தெரியாம நிப்பீங்க. காப்பி பண்ணிட்டு, ரெண்டு பக்கமும் பிராப்பர்டீஸ் பாருங்க: ஃபைல் எண்ணிக்கை, மொத்த பைட் ரெண்டும் கடைசி இலக்கம் வரை ஒத்து வரணும். டெராகாப்பிங்கிற காப்பி மென்பொருள் போட்டிருந்தா, அதுல சரிபார்க்கிற வெரிஃபையை ஆன் பண்ணிடுங்க. அப்புறம் நடுவுலயிருந்து பத்துப் படத்தைத் திறந்து முழு அளவுக்குப் பெருக்கிப் பாருங்க; சிறுபடம் நல்லாத் தெரியுறதை நம்பக் கூடாது, உள்ளே பாதிப் படம் சாம்பலா கிடக்கலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இன்னொரு காப்பி போன பிறகுதான் அழிக்கணும், அதுவும் கேமராவில் ஃபார்மேட் பண்ணி. விண்டோஸ்ல பண்ணி, என்டிஎஃப்எஸ்ங்கிற விண்டோஸ் முறைக்கு மாறிட்டா கேமரா கார்டையே ஏத்துக்காது.

ஆரப்பாளையம்: ரா படம் (கேமரா அப்படியே பதிவு செய்யுற மூலப் படம்) விண்டோஸ்ல வெறும் ஐகானா தெரியுது.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல "ரா இமேஜ் எக்ஸ்டென்ஷன்" இலவசம். எடிட் பண்ண டார்க்டேபிள், இல்ல நிக்கான்காரங்களுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ. ரெண்டுக்கும் காசு இல்ல.

கோரிப்பாளையம்: அழகர் ஆத்துல இறங்குறப்போ தண்ணி பீய்ச்சுனதுல கேமரா நனைஞ்சு போச்சு. ஆன் ஆகல. படம் போச்சா?

படம் பெரும்பாலும் போகாது, எஸ்டி கார்டுக்குள்ள தண்ணி சுலபமா இறங்காது. கேமராவைத் திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்க்கிறதை நிறுத்திட்டு, பேட்டரியைக் கழட்டுங்க, கார்டை உருவுங்க. கார்டைத் துணியால ஒத்தி, நிழல்ல ஒரு நாள் விடுங்க. ஹேர் டிரையர், வெயில் ரெண்டும் வேண்டாம். பித்தளை நிறக் காலுல சேறு படிஞ்சிருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சு, காஞ்ச பிறகு ரீடர்ல போடுங்க. படம் எடுக்க கேமராவே தேவையில்ல, அது தனியா சர்வீஸுக்குப் போகட்டும்.